பழைய சைக்கிளில் பெட்ரோல் காக், ட்யூப் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுகிறேன். பர்மாவில் நாம் சைக்கிள் என்றால் அது மோட்டார் சைக்கிள்தான். மிதிக்கிற வண்டிக்குச் செட்பெய்ன் என்று பர்மிய மொழியில் தனிப் பெயரே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் "சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டுட்டு வர்றேன், மாமா" என்றபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆகவே கீழே சைக்கிள் என்று எங்கே வந்தாலும் அது எஞ்சின் வைத்த சைக்கிள்.

நான் மெக்கானிக் இல்லை. ரங்கூன் நகரத்தில் 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. நான் இருக்கிற மோல்மேனில் அது கிடையாது, அதனால் வீட்டுக்கு ஒன்று நிற்கிறது, சில வீட்டில் மூன்று. அப்பா விட்டுப்போன ஹோண்டா 90 ஒன்றை இத்தனை வருடம் ஓட்டியதில் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். தெருவில் யாருடைய வண்டி நின்றாலும் "கார்ப்ரேட்டரைக் கழற்றிப் பார்த்துட்டேன்ணே, அப்பவும் சரியாகல" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பாவம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற அந்தக் கார்ப்ரேட்டர். பெட்ரோல் மேலேயிருந்து கீழே இறங்குகிற சரக்கு. நாமும் அந்த வழியிலேயே பார்த்துக்கொண்டு வர வேண்டும். டேங்க் மூடி, டேங்க், காக் (பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாய்), அங்கிருந்து பெட்ரோலைக் கொண்டுபோகிற ட்யூப், அதற்கு அப்புறம்தான் கார்ப்ரேட்டர்.

கை வைப்பதற்கு முன்னால் எதைக் கவனிக்க வேண்டும்?

நெருப்பை. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, போனதும் யாராவது அன்போடு ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும், நாலைந்து அடி தள்ளி இருக்கிற கொசுவத்தியோ சாமி விளக்கோ கரியடுப்போ அதற்குப் போதும். அதனால் வீட்டுக்குள் வேண்டாம், வெளியே, பகலில், எஞ்சின் ஆறின பிறகு. வாயில் சுருட்டோடு வேடிக்கை பார்க்க வருகிற பெரியவரை மரியாதையாகத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேலே மிதந்து நெருப்பையும் கூட்டிக்கொண்டு பரவும்.

இன்னொன்று, ட்யூபில் வாயை வைத்து உறிஞ்சாதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், ஆனால் ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய் விடும். தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஆறேழு மைலில் நிற்கிறது, பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. ஏன்?

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபடுகிற சத்தம் கேட்டால் ஆளைப் பிடித்துவிட்டோம். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கு மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நின்றிருக்கிற நேரத்தில் எப்படியோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

முடோன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிற தம்பி ஒருவன் இதே நோயோடு இரண்டு மாதம் அலைந்தான். கார்ப்ரேட்டரை இரண்டு தடவை கழுவியாகிவிட்டது, பிளக் புதுசு, காயில் புதுசு. மூடியைத் திருப்பிப் பார்த்தால், மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று யாரோ பழைய டயர் ட்யூபை வட்டமாக வெட்டி உள்ளே வாஷராக வைத்திருக்கிறார்கள், துளையைச் சேர்த்து மூடி. போதாததற்கு அந்த ரப்பர் பெட்ரோல் பட்டு அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. பிய்த்து எறிந்தோம், சரியான வாஷர் போட்டோம், துளையில் மெல்லிய கம்பியை விட்டு எடுத்தோம். அவ்வளவுதான். காயிலுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா என்று எப்படி அளப்பது?

கார்ப்ரேட்டர் பக்கத்து ட்யூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விடுங்கள், டேங்க் மூடி மூடியே இருக்கட்டும், காக்கை ஆன் பக்கம் திருப்புங்கள்.

கணக்கு ரொம்பச் சுலபம். 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் குடிக்கிற சின்ன வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு வெறும் 17 மில்லி. பாட்டிலில் ஒரு நிமிடத்தில் டீக்கடைக் கோப்பை அளவு சேர்ந்துவிட்டால் தேவைக்கு மேலேயே வருகிறது, ட்யூபையும் காக்கையும் குறை சொல்ல வேண்டியதில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. ஆனால் உடனே காக்கை மூடிவிட்டு "நல்லா வருது" என்று முடிவு கட்டாதீர்கள், நான்கைந்து நிமிடம் ஓட விடுங்கள். முதலில் ஜோராக வந்து போகப் போக இளைத்து, மூடியைத் திறந்ததும் மறுபடி ஜோராக வந்தால் அது மேலே சொன்ன மூடி நோய். மூடியைத் திறந்தும் மெலிந்தே வந்தால் டேங்குக்குள் காக்கின் தலையில் இருக்கிற வலையில் துரு அப்பியிருக்கிறது.

ரிஸர்வுக்குத் திருப்பியதும் வண்டி நின்றுவிடுகிறது. ரிஸர்வ் என்பதே காலியாகும்போது ஓடுவதற்குத்தானே?

இந்தக் கேள்வி மழைக்காலத்தில்தான் அதிகமாக வரும். காக்கின் மேல் பாகம் டேங்குக்குள் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பதில் தானாக வந்துவிடும். உள்ளே ஒரு சிறு குழல் நட்டுக்கொண்டு நிற்கும்; ஆன் நிலையில் பெட்ரோல் அந்தக் குழலின் உச்சி வழியாக இறங்கும். மட்டம் குழல் உச்சிக்குக் கீழே போனதும் வண்டி இருமும். அப்போது ரிஸர்வைத் திருப்பினால் டேங்கின் அடித்தளத்தில் இருக்கிற துளை திறந்து மிச்சம் வரும். ரிஸர்வ் என்று தனி டேங்க் எதுவும் கிடையாது.

இப்போது தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான், தண்ணீர் ஒரு கிலோ. டேங்குக்குள் போன தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், துருவும் மண்ணும் அதோடு சேரும். நீங்கள் எப்போதும் ஆனிலேயே ஓட்டுகிறவர் என்றால் அந்தச் சகதி மாதக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் தூங்கும். ஒரு நாள் இரவு, மழையில், ஊருக்கு வெளியே பெட்ரோல் தீர்ந்து ரிஸர்வைத் திருப்புகிறீர்கள். முதலில் இறங்குவது அந்தச் சகதி. கார்ப்ரேட்டரின் கிண்ணத்தில் மெயின் ஜெட் (பெட்ரோல் எஞ்சினுக்குப் போகிற நுண்துளை) அடியிலேயே உட்கார்ந்திருப்பதால் ஒரு தேக்கரண்டித் தண்ணீரே வண்டியை நிறுத்திவிடும்.

உடனடி வைத்தியம்: கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வடிய விட்டு இறுக்குங்கள், அப்புறம் உதையுங்கள். வீட்டுக்கு வந்ததும் காக்கின் அடியில் சின்னக் கிண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டியில் உண்டு, ஸ்பேனர் போட்டுத் திருகினால் வரும். வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் தண்ணீர் கண்ணாடிக் கோலி மாதிரி உருண்டு திரிவது தெரியும். நான் மாதம் ஒரு தடவை டேங்க் நிறைந்திருக்கும்போதே வீட்டுப் பக்கத்தில் ரிஸர்வில் ஒரு மைல் ஓட்டிவிடுவேன். வம்பு வந்தால் வீட்டு வாசலில் வரட்டும்.

சரி, தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

மோல்மேனில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மூடியின் வாஷர் காய்ந்து விறைத்திருந்தால் இரவு முழுக்க வெளியே நின்ற வண்டிக்குள் இறங்கிவிடும். மூடி பதிகிற பள்ளத்தில் சில வண்டிகளுக்கு வடிகால் துளை இருக்கும், அது அடைத்தால் மூடியைச் சுற்றிக் குளம் கட்டி, நீங்கள் திறக்கிற நேரம் பார்த்து உள்ளே விழும். இதெல்லாம் போக ரோட்டோரப் பாட்டில் பெட்ரோல். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் பாதி கிராமம் நடந்துதான் போக வேண்டும். ஆனால் பந்தலுக்குக் கீழே பாட்டில் வைத்திருக்கிற கடையாகப் பாருங்கள், ஊற்றும் முன் பாட்டிலைத் தூக்கி அடியைப் பாருங்கள், கடைசி ஒரு விரற்கடையை ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைக்கார அக்கா முறைப்பார். முறைக்கட்டும்.

காக்கின் கைப்பிடிக்குப் பின்னால் கசிகிறது. புதுசு வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை, முகப்பில் இரண்டு சின்னத் திருகு இருந்தால். கைப்பிடிக்குப் பின்னால் நான்கு துளை போட்ட வட்ட ரப்பர் ஒன்று இருக்கிறது, அதுதான் கசிவை அடைக்கிறது, அதுதான் தேய்கிறது. டேங்கைக் காலி செய்துவிட்டுத் திருகைக் கழற்றினால் முதலில் முகப்புத் தகடு, அடுத்து அலை அலையாக வளைந்த ஸ்பிரிங் வாஷர், அப்புறம் கைப்பிடி, கடைசியில் ரப்பர். கழற்றின வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வையுங்கள். ரப்பரின் பின்பக்கத்துக் குமிழ்கள் காக்கின் குழியில் சரியாக உட்கார வேண்டும், துளைகள் நேருக்கு நேர் வர வேண்டும். கைப்பிடியின் முகம் கீறியிருந்தால் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 1000ஆம் நம்பர் தண்ணீர்க் காகிதத்தை (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) வைத்து, எண்ணெய் தொட்டு வட்டமாகத் தேயுங்கள், பளபளவென்று ஆகும் வரை. குமிழ் இல்லாத ரப்பரானால், அவசரத்தில் அதையே திருப்பிப் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. ஊர் வந்து சேர மட்டும்.

மாதக்கணக்கில் பெட்ரோலே இல்லாமல் நின்ற வண்டி என்றால் கழற்றும் முன் ஒரு நாள் பொறுங்கள். காய்ந்த ரப்பர் சுருங்கியிருக்கும், பெட்ரோல் ஊற்றி, கீழே ஒரு தகரத்தை வைத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டால் ஊறித் தானாக அடைத்துக்கொள்வதும் உண்டு. இந்த வேலையையும் வெளியேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முகப்பில் திருகுக்குப் பதில் ரிவெட் அடித்திருந்தால் மெனக்கெட வேண்டாம், புதுக் காக்கே மேல். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மரை, இரண்டு போல்ட் வகையானால் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், ட்யூப் மாட்டும் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, உள்ளே நிற்கிற குழலின் உயரம், இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும். குழல் குட்டையாக இருந்தால் ரிஸர்வ் குறைந்துவிடும்.

டேங்கும் காக்கும் சேருகிற இடத்தில் ஈரம். எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை.

இறுக்குவதை நிறுத்துங்கள். பல பழைய வண்டியில் காக்கை டேங்கோடு பிடிக்கிற நட்டுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிர் மரை. ஒரே திருப்பில் டேங்கையும் காக்கையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். ஒரு பக்கம் அதிகமாக ஏறிவிட்டால் மறு பக்கம் பிடிக்க மரை இல்லாமல் போய், இறுகின மாதிரி இருக்கும், உள்ளே வாஷர் அமுங்கியே இருக்காது. கழற்றி, முதலில் காக்கின் மேல் இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, அப்புறம் டேங்க் மரையில் பிடித்துத் திருகுங்கள். இறுகி முடிகிறபோது காக்கின் முகம் வெளியே பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் தொடக்கச் சுற்றைக் கூட்டிக் குறைத்து மறுபடி. பொறுமை வேண்டும், எனக்கு மூன்றாவது தடவையில்தான் வந்தது.

டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் ஆகாதா என்றால், இங்கே கசிவை அடைப்பது மரை இல்லை, வாஷர். அது நைந்திருந்தால் புதுசு போடுங்கள். சிலிகான் பசை வேண்டவே வேண்டாம், பெட்ரோலில் இளகி நூல் நூலாகப் பிரிந்து ஜெட்டில் போய் உட்காரும்.

என்னுடையது பழைய ஹோண்டா 90. டேங்கில் காக்கையே காணோம், இரண்டு ட்யூப் மட்டும் இறங்குகிறது.

என் வண்டிதான் அது. பழைய ஹோண்டா 50, 70, 90, அதாவது சூப்பர் கப் வண்டிகளில் காக் கார்ப்ரேட்டரோடு ஒட்டியே இருக்கும். சீட்டுக்குக் கீழே இருக்கிற டேங்கிலிருந்து ஆனுக்கு ஒன்று, ரிஸர்வுக்கு ஒன்று என்று இரண்டு ட்யூப் இறங்கும். இதில் இரண்டு விஷயம். ட்யூபை மாற்றி மாட்டினால் ஆன் ரிஸர்வாகிவிடும், ரிஸர்வ் ஆனாகிவிடும். வண்டி குறையில்லாமல் ஓடும், பெட்ரோல் தீர்கிற அன்று ரிஸர்வைத் திருப்பினால் அங்கே ஒன்றுமே இருக்காது. கழற்றும் முன் ஒரு ட்யூபில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்தது, காக்கை மூடினாலும் ட்யூப் இரண்டிலும் பெட்ரோல் நிறைந்தே நிற்கும். ட்யூப் வெடித்தால் காக்கை மூடிப் பயனில்லை, டேங்க் முழுக்க வடியும். அதனால் மற்ற வண்டிக்காரர்களைவிட நாம் ட்யூபில் கண்ணாக இருக்க வேண்டும். கழற்றும்போது அடைப்பதற்குச் சரியான தடிமனில் இரண்டு போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், விரலை வைத்து அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஆளைக் கூப்பிடுகிற நிலைமை வேண்டாம்.

காக்கில் ஆஃப் இல்லை, பிஆர்ஐ (PRI) என்று ஒன்று இருக்கிறது.

அது வாக்யூம் காக். எஞ்சின் உறிஞ்சுகிற இழுப்பு ஒரு மெல்லிய ட்யூப் வழியாக வந்து உள்ளே இருக்கிற சவ்வை இழுத்தால்தான் பெட்ரோல் திறக்கும், எஞ்சின் நின்றால் தானாக மூடிக்கொள்ளும். பிஆர்ஐ அந்தச் சவ்வைக் கேட்காமலே திறந்துவிடுகிற வழி. கார்ப்ரேட்டர் காய்ந்து கிடக்கும்போது நிரப்ப மட்டும், அதிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆனில் ஓடாத வண்டி பிஆர்ஐயில் ஓடினால் மெல்லிய ட்யூபில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சவ்வு போய்விட்டது. அந்த மெல்லிய ட்யூபைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கிறதா? சவ்வு கிழிந்து எஞ்சின் நேராகப் பெட்ரோலைக் குடிக்கிறது, கறுப்புப் புகையும் அதனால்தான்.

எந்த ட்யூப் வாங்குவது? சந்தையில் கிடைக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப் பார்க்க அழகாக இருக்கிறதே.

அழகாகத்தான் இருக்கும், இரண்டு வாரம். நானும் ஒரு மீட்டர் வாங்கி மாட்டினேன், பெட்ரோல் இறங்குவது தெரிகிறது என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். மூன்றாவது வாரம் நுனி மஞ்சளாகி, பென்சில் மாதிரி விறைத்துவிட்டது. தன்பியூசயாட் ரோட்டில் போகும்போது பெட்ரோல் வாசனை. முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்று நினைத்தேன். லாரி திரும்பிப் போன பிறகும் வாசனை போகவில்லை. குனிந்து பார்த்தால் கார்ப்ரேட்டர் மூக்கிலிருந்து ட்யூப் பாதி நழுவி, எஞ்சினின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தீப்பிடிக்காதது என் அம்மா சாமிக்கு நேர்ந்துகொண்டதனால் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள்.

பெட்ரோலுக்கு என்றே செய்த நைட்ரைல் ரப்பர் ட்யூப் வாங்குங்கள், உள்ளே நூல் பின்னல் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல ட்யூபின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்7 (SAE J30 R7) என்ற தரக்குறி அச்சிட்டிருக்கும். மீன் தொட்டி ட்யூப், ஆஸ்பத்திரி ட்யூப், தண்ணீர் ட்யூப் எதுவும் ஆகாது. சாதாரண சிலிகான் ட்யூப் சூட்டைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது, உப்பிவிடும். அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், காக்கின் மூக்கை அளந்துகொண்டு போங்கள், ட்யூபின் உட்துளை அதைவிடக் கொஞ்சம் குறைவாக, நெருக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஏற மறுத்தால் நுனியை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய ட்யூபைக் குறடு போட்டு இழுக்காதீர்கள், மூக்கு உடைந்தால் காக்கே போச்சு. பிளேடால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். வளைத்துப் பார்த்து வெடிப்புக் கோடு தெரிந்தாலோ, உள்ளே விரல் நுனியை வைத்துத் தேய்த்தால் கறுப்பு ஒட்டினாலோ காலம் முடிந்தது. அந்தக் கறுப்புத் தூள்தான் ஜெட்டை அடைக்கிறது, நாம் பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருப்போம். நான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை, நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன்.

நீளத்தையும் கவனியுங்கள். மிச்சம் இருக்கட்டும் என்று நீளமாக விட்டால் நடுவில் மேடு விழுந்து காற்றுக்குமிழ் தங்கும், புவியீர்ப்பில் இறங்குகிற பெட்ரோலுக்கு அந்த மேட்டைத் தாண்டத் தெம்பு கிடையாது. ரொம்ப இழுத்துக் கட்டினால் மடங்கி அடைக்கும். சைலன்சர் குழாய்க்கும் எஞ்சின் துடுப்புகளுக்கும் ஒட்டாமல் போக வேண்டும்.

கிளிப்புக்குப் பதில் கம்பி சுற்றலாமா?

வேண்டாம், கம்பி ட்யூபை அறுத்துவிடும். திருகு வைத்த பெரிய கிளிப்பும் சின்ன ட்யூபுக்கு அதிகம்தான். காதைப் பிடித்து அமுக்குகிற ஸ்பிரிங் கிளிப் போதும், தளர்ந்துபோனதைத் திரும்பப் போடாதீர்கள்.

நடுவில் ஃபில்டர் போடலாமா?

போடலாம், சின்னதாக, வலை உள்ளதாக, அம்புக்குறி கார்ப்ரேட்டர் பக்கம் பார்க்க. பம்ப் வைத்த காருக்கான நெருக்கமான காகித ஃபில்டரைப் போட்டால் நம் வண்டிக்குப் பெட்ரோல் இறங்காது. ஃபில்டர் பாதி காலியாகத் தெரிகிறது என்று பலர் பதறுகிறார்கள். வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்றால் அது பாதியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஃபில்டர் போட்டாயிற்று என்று காக்கின் தலையில் இருக்கிற வலையைப் பிய்த்து எறிவது மட்டும் வேண்டாம்.

காலையில் வண்டிக்கு அடியில் பெட்ரோல் நனைந்திருக்கிறது. எஞ்சின் ஆயிலிலும் பெட்ரோல் வாசனை.

இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கார்ப்ரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் வழியை அடைக்கிற ஃப்ளோட் ஊசி தேய்ந்தோ தூசி சிக்கியோ நிற்கிறது. காக் திறந்திருந்தால் டேங்கே இரவோடு இரவாக இறங்கும். கொஞ்சம் வெளியே சொட்டும், கொஞ்சம் எஞ்சினுக்குள் போகும். ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். மட்டம் ஏறி, தண்ணீர் மாதிரி ஓடி, பெட்ரோல் மணம் அடித்தால் அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்யக் கூடாது, பேரிங்கும் பிஸ்டனும் போய்விடும். மாற்றிவிட்டுத்தான். உதைகட்டை கீழே இறங்காமல் கல் மாதிரி நின்றால் மேலே ஏறிக் குதிக்காதீர்கள், சிலிண்டருக்குள் பெட்ரோல் நிற்கிறது. பிளக்கைக் கழற்றி, சாவியை மூடிவிட்டு, மெதுவாக அமுக்கி வெளியேற்றுங்கள்.

குற்றவாளி யார் என்று பிரிப்பது சுலபம். ஒரு ராத்திரி காக்கை மூடி வையுங்கள். காலையில் தரை காய்ந்திருந்தால் காக் நல்லது, ஊசி கெட்டது. காக்கை மூடியும் தரை நனைந்திருந்தால் இரண்டும் கெட்டது, அல்லது ட்யூப்.

டேங்குக்குள் துரு.

காக்கையும் மூடியையும் கழற்றி எடுத்துவிட்டுத் துளைகளை அடைத்து, உள்ளே வினிகர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வையுங்கள். காக் துத்தநாக வார்ப்பு, புளிப்பு அதைத் தின்றுவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். கொஞ்சம் நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் உதிரும். போடும் முன் நட்டை எண்ணுங்கள். நான் 20 போட்டு 19 எடுத்தேன், அந்த ஒன்றுக்காக ஒரு மதியம் முழுக்க டேங்கைத் தலைகீழாக ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் தண்ணீர், சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி தண்ணீர், அப்புறம் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். காய்ந்த உடனே கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு மாலையே புதுத் துரு ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் ஓட்டாமல் நிறுத்துவதானால்?

டேங்கை நிறைத்து வையுங்கள், காலி இடம் குறைந்தால் துருவும் குறையும். காக்கை மூடிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள், கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும், ஜெட்டில் பிசின் பிடிக்காது. திரும்ப எடுக்கிற அன்று ட்யூபை ஒரு தடவை வளைத்துப் பாருங்கள். கைப்பிடியில் "காக் மூடியிருக்கு" என்று ஒரு அட்டையும் எழுதிக் கட்டிவிடுங்கள். போன தடவை நான் கட்டவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், சோக்கை இழுத்தேன், விட்டேன், நாற்பது உதையாவது உதைத்திருப்பேன், எதிர்வீட்டுப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் கார்ப்ரேட்டரையே பிரித்துவிடலாம் என்று ஸ்பேனர் எடுக்க உள்ளே போனபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: "காக்கைத் திறந்தியாடா?"